தங்க நிற முத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அறுந்துபோன முத்துமாலைகளை மறுபடி கோர்த்துத் தருவது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். தங்க நிற முத்து என் மேஜைக்கு வருவது எப்போதாவது ஒருமுறைதான். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு மாலைகள் வந்தன, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துணியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது முதல் பார்வைக்கு இரண்டாவது மாலைதான் அழகாக இருந்தது. 33 முத்தும் ஒரே அடர் மஞ்சள், இம்மி வித்தியாசம் இல்லை. முதல் மாலையில் நடுமுத்து நல்ல பொன் நிறம், கொக்கிப் பக்கம் போகப்போக இளமஞ்சள் தட்டியது, ஒன்றிரண்டைத் திருப்பினால் உள்ளிருந்து லேசான பச்சைச் சாயல்கூட எட்டிப் பார்த்தது.

பழைய நூலை வெட்டிவிட்டுத் துளைகளைச் சுத்தம் செய்யும்போது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பில் ஒவ்வொரு முத்தையும் பார்ப்பேன். முதல் மாலையில் வெளியே தடிமனான முத்துப் படலம், அதற்கு உள்ளே ஒரு மெல்லிய கோடு, அப்புறம் நடுவில் கருவாக வைத்த வெள்ளை மணி. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவதில் துளை வாயைச் சுற்றி ஆரஞ்சு கலந்த ஒரு வளையம், சாயத் தண்ணீர் காய்ந்த பிறகு பாத்திர ஓரத்தில் நிற்குமே, அந்த மாதிரி. மேலே ஊசிமுனை அளவுப் பள்ளங்களிலும் அதே நிறம் தேங்கியிருந்தது. வெட்டிய நூலை விரித்துப் பார்த்தால் முடிச்சுகளுக்கு நடுவில் மஞ்சள் இறங்கியிருக்கிறது.

இரண்டாவது மாலையைக் கொண்டுவந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. விற்றவர் இயற்கை நிறம் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். முத்து எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து பார்ப்பார்கள், சிப்பியிலிருந்தே வந்த பொன் நிறத்துக்கு புற ஊதாப் பகுதியில் தனி அடையாளம் உண்டு. சாயம் ஏற்றியது என்றே முடிவு வந்தது. “அப்போ இது முத்தே இல்லையாப்பா?” என்று கேட்டார். முத்துதான் அம்மா, நிறம் மட்டும்தான் அதனுடையது இல்லை என்றேன்.

அதனால் தங்க முத்து என்றால் ஏன் இவ்வளவு விலை என்று யாராவது கேட்டால், நிறத்தைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. நிறத்தை யாரும் ஏற்றிவிடலாம். சிப்பி தானாகவே அந்த நிறத்தில், அந்த அளவில், உருண்டையாக, புள்ளி இல்லாமல் ஒன்றைத் தருவதுதான் அபூர்வம். அப்படிப்பட்டவை ஒன்றோடொன்று ஒத்துப்போய் ஒரு மாலைக்குச் சேர்வது அதைவிட அபூர்வம், அதற்குப் பல அறுவடைகள் காத்திருக்க வேண்டியிருக்கும். முதல் மாலையில் நிறம் கொஞ்சம் மாறி மாறி வந்ததைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

* * *

உங்கள் பதிவைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. நான் பிலிப்பைன்ஸில் பலவான் பக்கம் ஒரு முத்துப் பண்ணைக்குப் போயிருக்கிறேன். அங்கே வளர்ப்பது பிங்க்டாடா மாக்சிமா என்ற சிப்பி, பெரியது சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். ஓட்டின் உள்விளிம்பில் வெள்ளி நிறப் பட்டை உள்ளது ஒரு வகை, தங்கப் பட்டை உள்ளது இன்னொரு வகை. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் வெள்ளி வகை என்பதால் அங்கே வெள்ளை முத்து. தங்கம் என்றால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியன்மார்.

கரு வைக்கும் அறைக்குள் யாரும் பேசுவதே இல்லை. சிப்பியைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு ஆப்பைச் செருகி, விரல் நுழையாத அந்த இடைவெளிக்குள் கீறி, அமெரிக்க நன்னீர்ச் சிப்பி ஓட்டில் கடைந்த ஒரு மணியை உள்ளே வைக்கிறார்கள். அதோடு இன்னொரு சிப்பியின் உதட்டோரத் தசையில் ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டு வளர்ந்து மணியைப் பை மாதிரி மூடிக்கொண்டு படலம் சுரக்கிறது. முத்தின் நிறத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது அந்தத் துண்டைக் கொடுத்த சிப்பிதான், அதனால் நல்ல தங்கப் பட்டை உள்ளதாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். இவ்வளவு பொறுக்கியும் பாதிக்கு மேல் வெளிறிய கிரீம் நிறத்தில்தான் வருகிறது என்று அங்கிருந்தவர் சொன்னார்.

ஒரு சிப்பியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு முத்து. நன்னீர் மட்டியில் ஒரே தடவையில் பல டஜன் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கடலில் தொங்கவிட்டு, ஓட்டில் ஒட்டும் பாசியையும் பூச்சிகளையும் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். புயல் வந்தாலோ தண்ணீர் சூடானாலோ அத்தனை நாள் உழைப்பும் போச்சு. 1996-இல் பிலிப்பைன்ஸ் இந்த முத்தைத் தேசிய ரத்தினமாக அறிவித்தது, 1000 பெசோ தாளிலும் இந்த முத்தின் படம் இருக்கிறது. அந்த அறையை நேரில் பார்த்த பிறகு எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

* * *

நீங்கள் கேட்டதற்கு என் பதிலும்: என்னிடம் இருப்பது இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் வாங்கிய ஒற்றை முத்து. 12 மில்லிமீட்டர் இருக்கும், உருண்டை இல்லை, பம்பரம் மாதிரி உடம்பைச் சுற்றி மூன்று வரிகள். வரி விழுந்ததால் விலை ரொம்பக் குறைவு, ஆனால் நிறம் அசல் பொன். உருண்டைக்கு ஆசைப்பட்டுச் சாயம் போட்டதை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு சந்தேகம், தினமும் போடலாமா?

* * *

தாராளமாகப் போடுங்கள். வாசனைத் திரவியம், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முடித்த பிறகு கடைசியாகப் போடுங்கள், கழற்றியதும் ஈரத்துணியால் ஒரு துடை. முத்து சுண்ணாம்புச் சத்துதான், அமிலம் பட்டால் மேல்பரப்பு மங்கிவிடும். தென்கடல் முத்தில் (இந்தப் பெரிய சிப்பி தரும் முத்துக்கு அதுதான் பெயர்) படலம் ஜப்பானில் பிரபலமான சின்ன அகோயா முத்தைவிடப் பல மடங்கு தடிமன், அதனால் ஒழுங்காக வைத்திருந்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். வரி விழுந்தது நல்ல தேர்வு.

நான் முதலில் சொன்ன அந்தச் சாய மாலை அம்மா நேற்று வந்தார். மாலையைத் தூக்கிப் போட மனசில்லை, கோர்த்தே கொடுங்கள் என்றார். மஞ்சள் நூலை எடுத்தேன், வேண்டாம் என்று தடுத்துவிட்டார். வெள்ளைப் பட்டு நூலில், முத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக் கோர்த்துக் கொடுத்தேன். சாயம் இறங்கினால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அவரே சொன்னார்.