ஸ்பேசர் டியூபுக்குச் சொல்: ‘இடைவெளிக்குழாய்’ சரிதானா?

வணக்கம்.

பழைய சிறு மோட்டார் சைக்கிள்களுக்குச் சக்கர பேரிங் மாற்றும் முறையைத் தமிழில் எழுதினால், ஒரு சொல்லிடம் வந்து வேலை நின்றுவிடுகிறது.

வில்லியர்ஸ் எஞ்சின் பூட்டிய பிரிட்டிஷ் சிறுவண்டிகள் பலவற்றிலும் பழைய மொபெட்டுகளிலும் சக்கரக் குடத்துக்குள் இருப்பது சைக்கிளில் இருப்பதேதான்: கப்பு (குடத்தில் உட்காரும் கிண்ணம்), கோன் (அச்சில் திருகும் கூம்பு), நடுவே உதிரிக் குண்டுகள். இவற்றுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி எல்லாம் மாட்டுவண்டியிலிருந்து வந்துவிடுகின்றன. கப்பும் கோனும் சைக்கிள் கடையிலேயே தமிழாகிவிட்டன.

கப்பில் குழி விழுந்து, மாற்றுக் கப்பும் கிடைக்காதபோது அதைத் தட்டி எடுத்துவிட்டு, உள்வளையமும் வெளிவளையமும் குண்டுகளும் ஒன்றாகவே வரும் பேரிங்கை, 6202 என்ற அளவெண் மாதிரி, பக்கத்துக்கு ஒன்றாகப் போடுகிறார்கள். அப்போது பழைய அமைப்பில் இல்லாத ஓர் உருப்படி உள்ளே வருகிறது: இரண்டு பேரிங்குக்கும் நடுவே அச்சின் மேல் உட்காரும் குழாய். பட்டறையில் ஸ்பேசர் என்பார்கள், சிலர் புஷ் என்பார்கள். கலைச்சொல் பட்டியலில் ‘இடைவெளிக்குழாய்’ என்று போட்டுவிடலாமா?

— — —

> ‘இடைவெளிக்குழாய்’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம். அந்தச் சொல் குழாய் செய்யாத வேலையைச் சொல்கிறது. இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கத்தான் குழாய் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அதற்குக் குழாயே தேவையில்லை. குடத்துக்குள் வெட்டியிருக்கும் படி வெளிவளையங்களைத் தள்ளித்தான் வைத்திருக்கிறது. ‘இடைவெளிதான் இருக்கிறதே’ என்று குழாயைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அச்சு நட்டை முறுக்கியதும் உள்வளையங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும். வெளிவளையங்கள் படியில் முட்டி நிற்பதால் நகராது. குண்டுகள் பள்ளத்தின் நடுவை விட்டுப் பக்கச் சுவரில் ஏறும். சக்கரம் கையால் சுற்றினாலே இறுக்கமாக வரும், ஓட்டினால் குடம் சுடும், சில நூறு கிலோமீட்டரில் குண்டு ஓடும் பள்ளத்தில் செதில் பெயரும். பழி பேரிங்கின் தலையில் விழும்.

கோனில் இந்த வம்பு கிடையாது. ஆட்டத்தைக் கோனைத் திருகி வைத்து, லாக் நட்டால் பூட்டிவிடுகிறோம். அச்சு நட்டின் விசை குண்டுக்குப் போவதில்லை. புது அமைப்பில் அந்த விசை ஃபோர்க்கிலிருந்து உள்வளையம், குழாய், மறு உள்வளையம், மறுபக்க ஃபோர்க் என்று நேர்கோட்டில் போக வேண்டும். கூரை விட்டத்துக்குக் கீழே மரம் கொடுப்பதுபோல, இரண்டு உள்வளையங்களுக்கும் இந்தக் குழாய் முட்டுக் கொடுக்கிறது. அதனால் என் பரிந்துரை ‘முட்டுக்குழல்’.

வேலையைப் பெயர் சொல்லிவிட்டால் அளவும் பிடிபடும். வெளிவளையம் உட்காரும் இரு படிகளுக்கும் இடையிலான தூரம்தான் அடிப்படை. குடத்தின் மொத்த அகலம் 96.00 மி.மீ, இடப்பள்ளத்தின் ஆழம் 11.20, வலப்பள்ளத்தின் ஆழம் 11.15 என்றால் படிக்குப் படி 73.65. முட்டுக்குழலை 73.70 முதல் 73.75 வரை கடைய வேண்டும். மயிரிழை நீளமாக இருக்கலாம், குறையவே கூடாது. முனைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, 0.02 மி.மீக்குள் இருக்க வேண்டும். ஹாக்சாவால் அறுத்து அரம் போட்ட குழாயை இறுக்கினால் அச்சு வளையும்.

பூட்டும் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதல் பேரிங்கை வெளிவளையத்தில் மட்டும் தட்டிப் படியில் முழுதாக உட்கார வையுங்கள். குழலை இறக்குங்கள். இரண்டாவது பேரிங்கைத் தட்டும்போது அதன் உள்வளையம் குழலைத் தொட்டதும் நிறுத்துங்கள். குழலை விரலால் தள்ளினால் லேசாக நகர வேண்டும், ஆனால் பொலபொலவென்று ஆடக் கூடாது. அந்தப் பக்கம் வெளிவளையத்துக்கும் படிக்கும் நடுவே 0.05 முதல் 0.1 மி.மீ மிஞ்சும். அது இருக்க வேண்டியதுதான். ‘இன்னும் உட்காரவில்லை’ என்று மறுபடி அடித்தால் குழலில் முட்டி நிற்கும் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே குண்டுதான் அடிபடும்.

— — —

‘முட்டு’ நன்றாக இருக்கிறது. கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தெரிந்த சொல். இரண்டு ஐயங்கள்.

ஒன்று, அச்சடிக்கும்போது ‘மு’ நீண்டுவிட்டால் ‘மூட்டுக்குழல்’ ஆகிவிடும். குழாய்களை இணைக்கும் உருப்படி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டு, குழலா குழாயா? குழாய் என்றால் உள்ளே ஏதோ ஓட வேண்டும் என்ற நினைப்பு வருகிறது, தண்ணீரோ பெட்ரோலோ. துப்பாக்கிக் குழல், புல்லாங்குழல் என்னும்போது துளையிட்ட உருளை என்ற பொருளே முன்னால் நிற்கிறது. என் ஓட்டு குழலுக்கு.

பேச்சோடு பேச்சாக: பேரிங்குக்கு நாம் தாங்கி என்கிறோம், இலங்கைக் கலைச்சொற்களில் அது போதிகை. கோயில் தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் கல்லின் பெயர் அது. அசையாத கல்லை விசையோடு சுழலும் உருப்படிக்கு எடுத்தாண்டதில் எனக்கு வியப்புத்தான், ஆனாலும் ‘தாங்கி’யைவிட உருவம் கண்ணில் நிற்கிறது. ‘இடைத்தாங்கி’ என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது மூன்றாவது பேரிங் என்று பொருள்படும்.

— — —

எழுத்துப் பிழைக்குப் பயந்து நல்ல சொல்லைக் கைவிட முடியாது. முட்டுக்குழல் என்றே வைப்போம்.

முதல் மடலில் ‘6202 மாதிரி’ என்று ஓடிவிட்டீர்கள். அளவுதான் அங்கே சிக்கல். பிரிட்டிஷ் அச்சுகள் அங்குலக் கணக்கு. அச்சு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ என்றால் 6201இன் 12 மி.மீ துளையில் நுழையாது. 6202இன் துளை 15. இரண்டு வழி உண்டு. வெளியளவு 35, அகலம் 11 மாறாமல் துளை மட்டும் அரை அங்குலமாக வரும் 6202-8 வாங்கலாம். இல்லையென்றால் முட்டுக்குழலையே 19 மி.மீ வெளிவிட்டத்தில் கடைந்து, இரு முனைகளிலும் 15 மி.மீக்குப் படி இறக்கி பேரிங் துளைக்குள் நுழைக்கலாம். படியில் சுவர் 1.15 மி.மீ நிற்கும். முட்டுவது 19க்கும் 15க்கும் இடைப்பட்ட தோள். அளவெடுப்பதும் தோளுக்குத் தோள்தான். அச்சு 3/8 அங்குலம், அதாவது 9.53 என்றால் 6200இன் 10 மி.மீ துளைக்கு நடுவில் புஷ் போட இடமே இல்லை. 6200ஐத்தான் போடுவதென்றால் 10 மி.மீ அச்சு புதிதாகக் கடைய வேண்டும்.

கப்பு இருந்த துளை 35ஐவிடப் பெரிதாக இருந்தால் எஃகு வளையம் இறக்க வேண்டும். 38 என்றால் வளையத்தின் சுவர் 1.5 மி.மீ. அடியில் ஓர் உதடு விட்டால் பேரிங்குக்குப் படி கிடைக்கும். வளையத்தை இறக்கிய பிறகே 35க்குக் கடைசிக் கடைசல் போடுங்கள். முன்பே முடித்தால் இறங்கும்போது துளை சுருங்கிவிடும். முட்டுக்குழல் அளவும் அதற்குப் பிறகுதான். பேரிங்கை இறக்கக் குடத்தைச் சூடாக்கலாம்: 80 பாகை ஏற்றினால் 35 மி.மீ துளை அலுமினியத்தில் சுமார் 0.06, எஃகில் 0.03 மி.மீ விரியும்.

இனி ‘சீல்டு பேரிங்’. இதை ‘மூடிய’ என்று போட்டால் பேரிங் எண்ணுக்குப் பின்னால் வரும் 2ஆர்எஸ், இசட்இசட் என்ற இரண்டு வகைக்கும் ஒரே சொல்லாகிவிடும். 2ஆர்எஸ்ஸில் ரப்பர் உதடு உள்வளையத்தை உரசிக்கொண்டு நிற்கும், தண்ணீர் போகாது. இசட்இசட்டில் தகடு தொடாமல் நிற்கும், புழுதியைத்தான் தடுக்கும். மழையில் போகும் சக்கரத்துக்கு முதலாவதுதான் வேண்டும். ‘அடைத்த பேரிங்’, ‘மறைத்த பேரிங்’ என்று பிரிக்கலாம். கதவை அடைப்பதும் திரைபோட்டு மறைப்பதும் ஒன்றல்ல என்பது யாருக்கும் விளங்கும்.

— — —

அடைத்த, மறைத்த: இரண்டும் சேர்த்தாயிற்று.

உறவுச்சொல் ஒன்றும் வேண்டும். பேரிங்குக்கு வெளியே, உள்வளையத்துக்கும் ஃபோர்க்குக்கும் அல்லது பிரேக் தட்டுக்கும் நடுவே வரும் குட்டை உருப்படியும் அதே முட்டுத் தொடரில் ஒரு கண்ணிதான். ‘புறமுட்டு’ எனலாம். கோன் இருந்தபோது கோனும் லாக் நட்டும் இந்த அகலத்தைப் பார்த்துக்கொண்டன. இப்போது அந்தப் பொறுப்பு புறமுட்டுக்கு வருகிறது: 2 மி.மீ தவறினால் பிரேக் தட்டு டிரம்மை உரசும், பின்சக்கரத்தில் செயின் கோடு விலகும். அதனால் பழைய கோனைக் கழற்றும் முன்பே குட விளிம்பிலிருந்து இரு லாக் நட்டுகளின் வெளிமுகம் வரை தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கப்பைத் தட்டி எடுத்த பிறகு அந்த இரண்டு எண்களை வேறெங்கும் அளக்க முடியாது.