என்பிடெல்: மொத்தம் 51.5 வந்தும் சான்றிதழ் வரவில்லை, ஏன்?

மெக்_ஐந்தாம்செம்:
பி.இ. மெக்கானிக்கல் படிக்கிறேன். ஓபன் எலெக்டிவ்வுக்கு (வேறு துறையிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கும் பாடம்) பதிலாக, மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான சுவயம் போர்ட்டலில், ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லின் 12 வார உளவியல் பாடம் எடுத்தேன். அசைன்மென்ட் சராசரி 92, தேர்வில் 100-க்கு 38. கணக்குப் போட்டால் 23 + 28.5 = 51.5. நாற்பது வந்தால் பாஸ் என்றுதான் சொன்னார்கள், ஆனால் சான்றிதழ் இல்லை. மறுமதிப்பீடு கேட்கலாமா? அடுத்த செமஸ்டரில் பொருளியலோ மொழியியலோ எடுக்கவும் ஆசை.

பாடத்திட்டம்_பார்ப்பவர்:
கணக்கு சரிதான் தம்பி, விதி வேறு. என்பிடெல்லில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என்று இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். உங்கள் 28.5 அங்கேதான் இடறியிருக்கிறது. தேர்வில் 40 எடுத்திருந்தால் சரியாக 30 ஆகியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து செய்கிற அசைன்மென்ட் மதிப்பெண், மையத்தில் எழுதும் தேர்வை ஈடுகட்டக் கூடாது என்பதற்காகவே இந்த இரட்டை வரம்பு. மொத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் நிறைய.

அசைன்மென்ட் சராசரியையும் ஒருமுறை சரிபாருங்கள். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8, எட்டு வாரத்தில் சிறந்த 6, நான்கு வாரத்தில் சிறந்த 3 மட்டுமே கணக்கு.

மெக்_ஐந்தாம்செம்:
நன்றி சார். புரிந்தது. பொருளியலில் பிடித்த பாடம் ஒன்று 8 வாரம்தான். அது போதுமா?

கிரெடிட்_கணக்கு:
பாடத்தின் அளவை கிரெடிட் என்ற அலகில்தான் பார்ப்பார்கள்: 4 வாரத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட். உங்கள் எலெக்டிவ் 3 கிரெடிட் என்றால் 8 வாரப் பாடம் பற்றாது. 8 வாரம் ஒன்றும் 4 வாரம் ஒன்றும் சேர்த்து 3 ஆக்கலாமா என்பது உங்கள் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு விடாதீர்கள். பாடத்தின் பெயர், வாரம், கிரெடிட் மூன்றையும் எழுதி, சேரும் முன்பே துறைத் தலைவரிடம் (ஹெச்ஓடி) கையெழுத்து வாங்குங்கள். ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு வரை சுவயம் பாடங்கள் எடுக்க யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதி இடம் தருகிறது. ஆனால் எந்தப் பாடம் செல்லும் என்று முடிவு செய்வது பல்கலைக்கழகம்தான். உங்கள் துறையின் கட்டாயப் பாடத்தோடு உள்ளடக்கம் ஒத்துப்போனால் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். பொருளியல், மொழியியலில் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டும் எடுப்பதானால் பாடப் பக்கத்தில் தேர்வுத் தேதியை முதலில் பாருங்கள். ஒரே தேதியில் ஒரே வேளையில் இரண்டு தேர்வும் விழுந்தால் ஒன்றைத்தான் எழுத முடியும்.

பாடத்திட்டம்_பார்ப்பவர்:
இன்னொன்று. சுவயத்தில் இருப்பதெல்லாம் என்பிடெல் அல்ல. பாடப் பக்கத்தில் அதை ஒருங்கிணைக்கும் அமைப்பின் பெயர் இருக்கும். சி.இ.சி. என்ற இன்னொரு அமைப்பு வழங்கும் கலை, வணிகவியல் பாடங்களில் உள்மதிப்பீடு 30, தேர்வு 70 என்று கணக்கே வேறு. மொழியியல் தேடும்போது இரண்டு வகையும் கண்ணில் படும்.

கிரெடிட்_கணக்கு:
பாடத்தில் சேர்வது இலவசம், ஆனால் அது தேர்வுக்குப் பதிவு ஆகாது. தேர்வுப் படிவம் தனியாகத் திறக்கும், கட்டணமும் தனி. சேர்ந்த அதே மின்னஞ்சலில்தான் அதையும் நிரப்ப வேண்டும்; வேறு மின்னஞ்சல் என்றால் அசைன்மென்ட் மதிப்பெண் வந்து சேராது. பெயரில் கவனம்: நம்மூரில் இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் இருக்கும். படிவத்தில் போடுவதுதான் சான்றிதழில் அச்சாகும். கல்லூரி மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே, புள்ளி உட்பட, தட்டச்சு செய்யுங்கள்.

மெக்_ஐந்தாம்செம்:
அந்த உளவியல் பாடத்தையே திரும்ப எடுக்க முடியுமா?

பாடத்திட்டம்_பார்ப்பவர்:
ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவம். எல்லாப் பாடமும் ஒவ்வொரு பருவத்திலும் வராது. பட்டியல் வந்ததும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் 12 வார மொழியியலை எடுங்கள். இம்முறை மாதிரித் தேர்வுகளில் 100-க்கு 50-ஐக் குறி வையுங்கள், 40-ஐ அல்ல.