ஆன்சிபிள் ஓடியும் பாஸ்வேர்ட் லாகின் மூடவில்லை

கேள்வி: ஹட்டன், தலவாக்கலை பக்கம் தோட்டக் கந்தோர்களில் 6 உபுண்டு 22.04 சேர்வர். ஆன்சிபிளில் (பல சேர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழி) பாஸ்வேர்ட் லாகினை ‘நோ’ ஆக்கியாச்சு. பிழை இல்லை, ஆனால் பாஸ்வேர்ட் போட்டால் உள்ளே விடுது. ஏன்?

பதில் 1: எஸ்எஸ்எச்டி (சேர்வரில் எஸ்எஸ்எச்சை நடத்தும் புரோகிராம்) முதலில் படிக்கும் மதிப்பைத்தான் எடுக்கும். அதன் மெயின் கன்ஃபிக் ஃபைலின் தலையிலேயே, வேறு ஃபைல்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் இன்க்ளூட் வரி இருக்கு. அதன்வழி வரும் ‘50’ எனத் தொடங்கும் கிளவுட்-இனிட் (சேர்வர் முதல்முறை எழும்போது அமைப்பைப் போடும் புரோகிராம்) ஃபைல் ‘யெஸ்’ சொல்லியிருக்கும். உங்கள் வரியை அதே ஃபோல்டரில் ‘10’ எனத் தொடங்கும் தனி ஃபைலாகப் போடுங்க. பிறகு எஸ்எஸ்எச்டியைப் பெரிய ‘டீ’ போட்டு ஓட்டினால் ஃபைல்களிலிருந்து அது எந்த மதிப்பை எடுக்கும் என்று தெரியும்.

பதில் 2: பாஸ்வேர்டை மூடும் முன் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் ஃபைல்) வேலை செய்யுதா பாருங்க. ஃபயர்வால் என்றால் எஸ்எஸ்எச்சின் போர்ட் 22ஐத் திறந்த பிறகே அதை இயக்கணும். ஆன்சிபிளில் சீரியல் 1 வைங்க (ஒரு நேரத்தில் ஒரு சேர்வர் மட்டும்), பூட்டுப்பட்டாலும் ஒரு தோட்டத்துக்குத்தான் பஸ் ஏறணும்.

பதில் 3: ஆன்சிபிளில் அப்டேட்டும் ஓட்டினால், நடுவில் கரண்ட் போனால் டிபிகேஜி (உபுண்டுவில் மென்பொருளை நிறுவும் புரோகிராம்) பாதியில் நிற்கும், அடுத்த ஓட்டமும் அங்கேயே விழும். மீதி கன்ஃபிகரை முடிக்கும் டாஸ்க்கை முதலில் வைங்க.