மறு: ஹெட்லெஸ் கணினிக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். திரை, விசைப்பலகை, எலி எதுவும் இல்லாமல், வேறொரு கணினியிலிருந்து வலைவழியே இயக்கும் கணினியை ஆங்கிலத்தில் ஹெட்லெஸ் (தலையில்லாத) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> தலையிலி என்றே வைத்துவிடலாமே, மூலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது.

தம்பி, தலையில்லாத உடலுக்கு முண்டம் என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம். தலையிலி என்று எழுதினால் படிப்பவர் மனம் நேரே அங்கேதான் போகும். நான் திரையிலி என்பதை முன்வைக்கிறேன்.

என் வீட்டுக் கதையைச் சொன்னால் காரணம் விளங்கும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடந்தது. அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயக்குதளத்தைப் போட்டேன். நிறுவும்போது கடைசிப் பக்கம் ஒரு பட்டியல் வருமே, அதில் டெஸ்க்டாப் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு வேறு கணினியிலிருந்து இதை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழங்கியை மட்டும் விட்டுவைத்தேன். அப்புறம், சேமித்து வைத்த படங்களை வீட்டிலுள்ள மற்ற திரைகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின். எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளை பிரிந்த கட்டற்ற மென்பொருள் இது. இப்போது பெட்டி பரண்மேல் இருக்கிறது. மின்சாரத்துக்கு ஒரு கம்பி, ரௌட்டருக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். கீழே கூடத்தில் படம் ஓடுகிறது.

> திரை மட்டுமா இல்லை? விசைப்பலகையும் எலியும்கூட இல்லையே. அதைத் திரையிலி எப்படிச் சொல்லும்?

நல்ல கேள்வி, அக்கா. பரணில் ஏற்றும் முன் விசைப்பலகையைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்த்தேன். "விசைப்பலகை இல்லை, தொடர எஃப்1-ஐ அழுத்தவும்" என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றது. இல்லாத பலகையில் எஃப்1-ஐ எங்கே போய் அழுத்த? கணினியைத் துவக்கும் பயாஸ் அமைப்பில் அந்தச் சோதனையை நிறுத்திய பிறகுதான் எழுந்தது. ஆனால் திரையையும் அப்போதே கழற்றியிருந்தால், அது ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. பலகை போனால் கை போன மாதிரி. திரை போனால்தான் கணினி கண்ணுக்கு மறைகிறது. அதனால் பெயர் திரையைப் பிடித்து நிற்பதே சரி.

இலி என்றாலே குறை சொல்வதுபோல் இருக்கிறது, அறிவிலி நினைவுக்கு வருகிறது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். முதுகெலும்பிலி என்று உயிரியலில் எழுதும்போது மண்புழுவை யாரும் வைவதில்லை. வலைப்பதிவுக் காலத்தில் பெயரிலியும் நன்றாகவே பழகியது. திரையற்ற என்றால் பின்னால் இன்னொரு சொல் வந்தாக வேண்டும். திரையிலி தனியாகவே நிற்கும். "திரையிலியை அணைச்சிட்டியா?" என்று வீட்டில் கேட்கலாம். திரையிலி உலாவி, திரையிலி நிறுவல் என்றும் தடையில்லாமல் ஒட்டும்.

ஒரே இடத்தில் இடிக்கிறது. ஹெட்லெஸ் சிஎம்எஸ் (இணையதள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) என்பதில் இல்லாதது திரை அல்ல, வாசகர் பார்க்கும் முகப்பு. அதற்கு முகப்பிலி என்று வேறு சொல் வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றோடு நிறுத்த வேண்டியதில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கூடவே இன்னொன்று: சில கணினிகளில் திரை இல்லாவிட்டால் வரைகலைப் பகுதி சரியாக வேலை செய்யாது. திரை இருப்பதாக அதை ஏமாற்ற, எச்டிஎம்ஐ துளையில் ஒரு குட்டிச் செருகியைச் சொருகுவோம் இல்லையா, பொய்க்கால் குதிரை மாதிரி அதைப் பொய்த்திரை எனலாமா?