டிசம்பர் விழாக்களும் சப்மிஷன் தேதிகளும்: ஒரு எடிட்டிங் மாணவியின் அனுபவம்

சினிமா படிக்கிறேன் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்போ டெய்லி படம் பாத்துட்டே இருப்பியா?" ஊரில் சித்தி கேட்டிருக்கிறார், விடுதி வார்டன் அக்கா கேட்டிருக்கிறார், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டிருக்கிறார். பார்க்கிறோம், நிறையவே பார்க்கிறோம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. விழாவுக்குப் போவதும் படிப்பு, முதல் நாள் முதல் காட்சிக்குப் போவதும் படிப்பு, டீக்கடையில் விடிய விடிய படத்தைப் பற்றிப் பேசுவதும் படிப்பு என்று எதை வேண்டுமானாலும் படிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் ஒரு கட் கூட விழாமல் வாரம் ஓடிவிடும்.

சென்னையில் எடிட்டிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜூனியர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால், வழியில் நான் சந்தித்த சிலரையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லி ஒப்புதல் வாங்குவது, லொகேஷன் தேடுவது, ஷூட் எல்லாம் டைரக்‌ஷன் மாணவர்களின் ஓட்டம். ஹார்ட் டிஸ்க் என் கைக்கு வந்த பிறகு என் ஓட்டம். இரண்டு பிரதி எடுத்து, கணினி திணறாமல் எடிட் செய்ய ப்ராக்ஸி என்ற சிறிய நகல்கள் போட்டு, கிளாப் சத்தத்தை வைத்து ஒலியையும் படத்தையும் சிங்க் செய்து, எல்லா டேக்கையும் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். அதற்குப் பிறகு காட்சிகளை வரிசையாகக் கோக்கும் ரஃப் கட், அதைச் செதுக்கும் ஃபைன் கட், கடைசியில் படத்தொகுப்பு முடிந்தது என்று பூட்டும் பிக்சர் லாக். லாக் ஆகிவிட்டால் ஒரு ஃபிரேம்கூட நகரக் கூடாது. அதற்கு மேல்தான் சவுண்ட் மாணவர் வசனத்தைச் சுத்தம் செய்து, ஃபோலி (காலடி, கதவு போன்ற சத்தங்களைத் தனியாகப் பதிவு செய்வது), ஆம்பியன்ஸ் (இடத்தின் பின்னணிச் சத்தம்) எல்லாம் அடுக்குகிறார். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில், லாக்கிற்குப் பிறகு நான் நடுவில் 12 ஃபிரேம் வெட்டினால், அந்த இடத்துக்குப் பின்னால் அவர் அடுக்கிய அத்தனை ட்ராக்கும் அரை நொடி பிசகிவிடும். பிறகு நிறங்களைச் சரிசெய்யும் கலர், எல்லா ஒலியையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங், கடைசி ஃபைலை எடுக்கும் எக்ஸ்போர்ட்.

இதற்கு நடுவே தியரி வேலையும் வரும். ஒரு காட்சியை எடுத்து ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதச் சொல்வார்கள். ஐந்து நிமிடக் காட்சி என்றால் 7,200 ஃபிரேம். வேகமாக வெட்டப்பட்ட காட்சியில் நூறு ஷாட்டுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் நீளம், கேமரா அசைவு, அதன் மேல் என்ன ஒலி என்று எழுத உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும்.

முதல் ஆண்டு சப்மிஷன் நெருங்கிய நேரம். எடிட் லேபில் எல்லோரும் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு சீனியர் அக்கா மட்டும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே சப்மிஷன்தான். எப்படிக்கா என்று கேட்டேன்.

"படம் இப்ப சவுண்ட்ல இருக்குடி. நான் இங்க உக்காந்து என்ன பண்ணப் போறேன்? அவன் கையில இருக்கிற நாள்தான் எனக்கு லீவு. என் கைக்கு வந்துட்டா எங்கயும் நகர மாட்டேன்."

இந்தப் படிப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த மிக உபயோகமான அறிவுரை இதுதான் என்று நினைக்கிறேன். வேறு படிப்புகளில் சப்மிஷன் தேதி ஒருவருக்கு மட்டுமானது. தாமதமானால் அவருடைய மதிப்பெண்தான் போகும். எங்களுக்கு அப்படி இல்லை. நான் லாக் கொடுக்க இரண்டு நாள் தாமதித்தால் அந்த இரண்டு நாளை சவுண்ட் படிக்கும் நண்பன் தன் தூக்கத்திலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் என் நாட்காட்டியில் நான் கவனிப்பது படம் என் கைக்கு வரும் நாளும் என் கையை விட்டுப் போகும் நாளும்தான். அந்த இரண்டுக்கும் நடுவில் யார் கூப்பிட்டாலும் போவதில்லை. மற்ற நாட்களில் கூப்பிட்டால் யோசிக்காமல் கிளம்பிவிடுவேன், மனதில் உறுத்தல் எதுவும் இருக்காது.

டிசம்பரில்தான் இதற்கு உண்மையான சோதனை. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்திவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா அந்த மாதத்தில் வரும். அதே மாதம் எங்களுக்கு செமஸ்டர் முடியும். ஊர் முழுக்க மார்கழி சீசன் வேறு. என் விடுதி வேளச்சேரியில் இருக்கிறது, இரவு கேட் பூட்டும் நேரமும் உண்டு. அதனால் விழாவில் எனக்குக் காலை, மதியக் காட்சிகள்தான். பறக்கும் ரயிலில் திருமயிலை வரை வந்து, அங்கிருந்து ஆட்டோவில் ராயப்பேட்டை.

அப்படி ஒரு காலைக் காட்சி வரிசையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடா வருடம் விழாவுக்கு வருகிறார். கையில் இருந்த அட்டவணையில் அன்றைக்குக் காலை முதல் இரவு வரை எல்லாக் காட்சியையும் டிக் அடித்து வைத்திருந்த என் தோழியைப் பார்த்து, "இவ்வளவும் பாக்கப் போறியாம்மா?" என்று கேட்டார். பிறகு தன் தாளைக் காட்டினார். நாளுக்கு இரண்டு படம், அவ்வளவுதான். "மூணாவது படத்துல கண்ணு மட்டும்தான் பாக்கும். ரெண்டு பாத்துட்டு சபா கேண்டீன்ல ஒரு காபி சாப்பிட்டுக்கிட்டே முதல் படத்தைப் பத்தி நாலு வரி எழுதுவேன். எழுதலைன்னா அந்தப் படம் பாத்த கணக்குல சேராது."

தேர்வும் இல்லை, சப்மிஷனும் இல்லை, யாருக்கும் காட்டப் போவதும் இல்லை. ஆனாலும் எழுதுகிறார். அவரைப் பார்த்த பிறகு என் விழா நாட்கள் மாறிவிட்டன. இரண்டு படம் பார்ப்பேன், நடுவில் அரை மணி நேரம் நோட்டுடன் உட்காருவேன், சாயங்காலம் தோழிகளோடு திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ ஏதாவது சாப்பிட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடுவேன். அந்த நோட்டிலிருந்து இரண்டு செமினார் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

முதல் நாள் முதல் காட்சி வேறு விஷயம். 2023க்கு முன்பெல்லாம் பெரிய நடிகர் படம் என்றால் அதிகாலை 4 மணிக்கு, சில சமயம் நள்ளிரவு 1 மணிக்கே காட்சி இருக்கும். இப்போது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். விடுதியில் இருக்கும் பெண்களுக்கு இது பெரிய வசதி. குரோம்பேட்டை, கோயம்பேடு என்று எங்கே டிக்கெட் கிடைக்கிறதோ அங்கே கூட்டமாகப் போவோம், மதியம் பிரியாணி, அப்புறம் பெசன்ட் நகர்.

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் இப்படிப் போகும்போதும் செல்போன் வெளிச்சத்தில் குறிப்பெழுதுவான். கதாநாயகன் வந்து நின்றவுடன் எடிட்டர் சில நொடி வசனமே இல்லாமல் விட்டிருப்பதை எழுதிக்கொள்வான். விசிலில் வசனம் அமுங்கிவிடக் கூடாது என்றுதான் அந்த இடைவெளியை விடுகிறார்கள். வீட்டில் ஓடிடியில் பார்த்தால் அதே இடம் இழுவையாகத் தெரியும். நல்ல கவனிப்புதான், ஆனால் அவனால் அந்த விசிலில் கலந்துகொள்ள முடியவில்லை. கொஞ்ச நாளில் எந்தப் படமும் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தான். எங்கள் ஆசிரியர் ஒருவர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கும் சேர்த்துச் சொன்னது போலவே இருந்தது: "முதல் தடவை டிக்கெட் வாங்கின ஆளா போய் உக்காருப்பா. எடிட்டரா ரெண்டாவது தடவை போ. ஜனங்க எங்க சிரிக்கிறாங்கன்னு அவங்களோட சேர்ந்து சிரிச்சாத்தான் தெரியும்."

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. எல்லாவற்றையும் பாடமாக்குகிறவர்கள் சீக்கிரம் களைத்துப் போகிறார்கள். ஓய்வு ஓய்வாகவே இருக்க வேண்டும். சவுண்ட் படிக்கும் இன்னொரு நண்பன் இதை அழகாகச் செய்கிறான். கடற்கரைக்கு வரும்போது ரெக்கார்டரும் வரும். "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்பான். நாங்களும் வாயை மூடிக்கொண்டு அலையையும் சுண்டல்காரர் குரலையும் கேட்டுக்கொண்டிருப்போம். அவனுக்கு ஆம்பியன்ஸ் கிடைத்துவிடும். ரெக்கார்டர் பைக்குள் போனால் அன்றைக்கு மறுபடி வெளியே வராது.

வெளி நண்பர்கள் விஷயம் கொஞ்சம் கடினம். என் பள்ளித் தோழிகள் பலர் ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சனி, ஞாயிறு நிச்சயம். எங்களுக்கு ஷூட் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான், அப்போதுதான் லொகேஷன் கிடைக்கும். "நீ எப்பவுமே பிஸி" என்ற பேச்சு வந்தது. வெறுமனே வர முடியாது என்று சொல்வதை விட்டுவிட்டு, எந்த வாரம் படம் என் கையில் இருக்காது என்று முன்பே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு ஷூட்டுக்கு அவர்களையே பஸ் ஸ்டாப் கூட்டமாக நிற்கக் கூப்பிட்டேன். நாள் முழுக்க வெயிலில் நின்று, ஒரே தெருவை அத்தனை முறை கடந்த பிறகு, நான் ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்பதே இல்லை.

அவர்களில் ஒருத்திக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். எனக்கு லேப் நேரம் ஒதுக்கியிருந்த அதே வாரம். வகுப்புத் தோழி ஒருத்தி தன் நேரத்தை எனக்கு மாற்றிக் கொடுத்தாள், பதிலுக்கு அவள் ஷூட்டில் நான் பூம் பிடித்தேன். பூம் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஃபிரேமுக்குள் மைக்கும் அதன் நிழலும் விழாமல் மணிக்கணக்கில் நிற்பது லேசான வேலை இல்லை. ஆனால் எங்கள் கல்லூரியில் நேரம் இப்படித்தான் கைமாறுகிறது. நீ எனக்கு சிங்க் செய்து கொடு, நான் உனக்கு சப்டைட்டில் போடுகிறேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு அவசரத்தில் எப்போதும் ஆள் கிடைப்பார்கள்.

இரண்டாம் ஆண்டில் படம் மிக்ஸிங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தோழிகளோடு எழும்பூரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறி திருவனந்தபுரம் போனேன். கேரள சலச்சித்ர அகாடமி நடத்தும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா, 2024இல் அதற்கு 29ஆவது பதிப்பு. தம்பானூரில் இறங்கினால் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள் நடக்கிற தூரம். கல்லூரி மாணவர்கள், அரசு ஊழியர்கள், பாட்டிகள் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். இடமில்லை என்றால் படியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

டாகூர் தியேட்டர் வாசலில் லேப்டாப்புடன் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அங்கே ஏதோ ஒரு கல்லூரியில் டைரக்‌ஷன் கடைசி ஆண்டு. அன்றிரவு அவனுக்கு சப்மிஷன். தரம் குறையாத, ஆனால் அளவில் பெரிய ப்ரோரெஸ் 422 வகை ஃபைல்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முழு எச்டி (1080பி) அளவில் அது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 900 எம்பி, பத்து நிமிடப் படத்துக்கு 9 ஜிபி பக்கம் வரும். அதைச் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டோம். லாக் ஆன பிறகு ஒரே ஒரு ஷாட்டை மாற்றியிருக்கிறான். படம் அதனால் நன்றாக ஆனது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சவுண்ட் மாணவர் முழு ரீலையும் மறுபடி சிங்க் பார்க்க வேண்டியிருந்தது. மிக்ஸ் தள்ளிப்போய், எக்ஸ்போர்ட் தள்ளிப்போய், எல்லாம் இந்தப் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அவன் காத்திருந்த படத்துக்குக் கதவு திறந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வைஃபை இருக்கும் லாட்ஜைத் தேடிப் போனான். நண்பர்கள் அவனுக்காகப் பிடித்து வைத்திருந்த இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு ஷாட் சரியில்லை என்று உறுத்தினால் மாற்றத்தான் தோன்றும், எனக்கும் தோன்றும். அதனால் இப்போது லாக்குக்கு முன்னால் ஒரு நாள் வெறும் நாளாக விட்டுவிடுகிறேன். அன்றைக்கு எடிட் செய்வதில்லை. சினிமா சம்பந்தமே இல்லாத யாராவது ஒருவரை, பெரும்பாலும் விடுதி அறைத்தோழியை, உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டுவேன். அவள் எங்கே போனை எடுக்கிறாளோ அந்த இடத்தை மறுநாள் பார்ப்பேன். மாற்ற வேண்டியது எல்லாம் அப்போதே மாறிவிடும். அதற்குப் பிறகு டைரக்டர் எவ்வளவு கெஞ்சினாலும் டைம்லைனைத் திறப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இந்த டிசம்பருக்குக் கிளம்புகிற ஜூனியர்களுக்கு: இரண்டு விழாவிலும் மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதற்குப் படிக்கிறோம் என்பதற்கான சான்று கேட்பார்கள், கல்லூரி அலுவலகத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்கள் சவுண்ட் மாணவரிடம் படம் எப்போது அவர் கைக்குப் போகிறது, எப்போது திரும்புகிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவரும் விழாவுக்கு வர ஆசைப்பட்டால் லாக்கை இன்னும் கொஞ்சம் முன்னால் கொடுங்கள்.