மாசக் கடைசி நூடில்ஸும் டின் மீனும்: உங்கள் வீட்டில் எப்படி?

கல்லடிப் புள்ள:

சம்பளம் வர இன்னும் நாள் கிடக்கிற நேரத்தில் இரவுச் சாப்பாடு என்றால் நம்மில் பலருக்குப் பக்கெட் நூடில்ஸ், இல்லாட்டி பாணும் டின் மீனும், அதுவும் இல்லாட்டி சோயாமீட். 2022இல் காஸ் வரிசையில் நின்ற நாட்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இது இன்னும் கூடிப்போச்சு, எது சீக்கிரம் அவியுமோ அதுதான் அடுப்பில் ஏறியது. இதுகளைக் கொஞ்சம் ருசியாக்க ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு கைப்பழக்கம் இருக்கும், யாரிடம் பார்த்தீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நாங்கள் கொஞ்சப் பேர் வெளியில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தோம். வீட்டுக்கார மாமி பின்பக்க அடுப்பைப் பாவிக்க விட்டிருந்தார். நாங்கள் நூடில்ஸை அவித்து, தூளைக் கொட்டி, போதாதென்று மேலே கறித்தூளும் போட்டுக் கிண்டுவோம். ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மாமி கேட்டார்: "புள்ள, அந்தத் தூளுக்குள்ள உப்பும் இருக்கு, உறைப்பும் இருக்கு. புளி எங்க? வாசம் எங்க?"

அந்தக் கேள்வியைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டு சமைக்கிறேன். பக்கெட் தூளில் உப்பும் உறைப்பும் நாக்கைப் பிடிக்கிற சுவையூட்டியும் தாராளமாக இருக்கும், ஆனால் பச்சை இலையின் மணமும் தேசிக்காயின் புளிப்பும் காய்ந்த தூளில் நிற்காது. அதனால் இருக்கிறதையே இன்னும் கூட்டினால் ருசி கூடாது, இல்லாததைத்தான் போட வேண்டும். ஒரு பெரிய ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஒரு பக்கெட் தூளை முழுதாகக் கொட்டினால் அதில் பெரிய பங்கு ஒரே நேரச் சாப்பாட்டில் போய்விடும். மாமி பாதித் தூள்தான் போடுவார், மீதியை மடித்து வைத்து மறுநாள் முட்டைப் பொரியலுக்குள் தூவுவார்.

அவருடைய முறை இது. தாச்சியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய், அதில் சின்ன வெங்காயம், ரெண்டு பல்லு உள்ளி தட்டிப்போட்டு, பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, ஒரு துண்டு இரம்பை (வாசத்துக்குப் போடுகிற நீள இலை). வெங்காயம் ஓரம் சிவந்து வரும்போது பாதித் தூளை அந்த எண்ணெய்க்குள் போட்டு ஒரு கிண்டு. தண்ணிக்குள் கொட்டுவதற்கும் இப்படிச் சூடு காட்டுவதற்கும் மணத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று செய்துபார்த்தால்தான் விளங்கும். தூளில் உள்ள மசாலாவின் வாசம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும், வெறும் தண்ணியில் பாதிக்கு மேல் ஒளித்துக்கொண்டே இருக்கும். மறுகா கொஞ்சத் தேங்காய்ப்பால், அவித்து வடித்த நூடில்ஸ், ஒரு பிரட்டு. அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான் தேசிக்காய், கொதிக்கும் பாலுக்குள் புளியை விட்டால் திரைந்து திரிதிரியாகிவிடும்.

கடைசியாக வறுத்த கூனி, அதாவது காயவைத்த குட்டி இறால். வெறும் தாச்சியில் எண்ணெயில்லாமல் வறுத்து, ஆறினதும் கையில் வைத்துத் தேய்த்துத் தூசியைப் புடைத்துவிட்டு மேலே தூவினால் கறுக்கென்று கடிபடும். மட்டக்களப்புச் சந்தையில் கூனியை வாங்கி ஒரு போத்தலில் அடைத்து வைத்தால் நூடில்ஸுக்கும் சோற்றுக்கும் பாணுக்கும் அதுவே போதும். நூடில்ஸ் ஒரே வழுவழுப்பு, அதனால்தான் பாதியிலேயே அலுத்துப்போகிறது, கடிக்க ஏதாவது இருந்தால் அலுக்காது.

ஒலுவில் ஹொஸ்டல்காரன்:

அக்கா, உங்களுக்கு அடுப்பாவது இருந்தது. எங்களுக்கு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நாட்களில் ஒரு கேத்தல்தான். அதுவும் எல்லாருக்கும் ஒன்று. நூடில்ஸைக் கோப்பைக்குள் உடைத்துப் போட்டு, கொதிதண்ணி விட்டு, மேலே பீங்கானைக் கவிழ்த்து மூடி வைப்போம். அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுத் தூளைப் பிரட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அக்கரைப்பற்றுக் கூட்டாளி ஒருவன் வேறொரு வழி காட்டினான். வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தக்காளி எல்லாத்தையும் பொடியாக வெட்டி, துளி உப்பும் தேசிக்காயும் விட்டுக் கையால் நன்றாகப் பிசைவான், சம்பலுக்குப் பிசைவதுபோலத்தான். வெங்காயம் சோர்ந்து தண்ணி விட்டதும் வடித்த நூடில்ஸை அதற்குள் போட்டுக் கிளறுவான். தூள் கால்வாசிதான். மேலே கடையில் வாங்கின மிக்சர் ஒரு பிடி. அடுப்பே தேவையில்லை, சூடாகச் சாப்பிட வேண்டும் என்றும் இல்லை.

எங்கள் அறையில் வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வருபவர்கள் ஆளுக்கொரு போத்தலில் ஏதாவது கொண்டுவருவார்கள். சாய்ந்தமருதுப் பொடியன் மாசிச் சம்பல், சம்மாந்துறைப் பொடியன் தேசிக்காய் ஊறுகாய். ஊறுகாயை நூடில்ஸுக்குள் பிசைந்து சாப்பிட்டிருக்கிறீர்களா? உப்பும் புளியும் அதிலேயே இருப்பதால் பக்கெட் தூளே தேவைப்படாது. ஒரு கரண்டிக்கு மேல் போட வேண்டாம், அவ்வளவுதான்.

கொக்கட்டிச்சோலைக்காரன்:

சோயாமீட்டைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைப் பக்கம் எப்படிக் கிடந்தது என்று இருந்தவர்களுக்குத் தெரியும். பாதையெல்லாம் தண்ணி, கடலும் கொந்தளிப்பு, கடற்கரைப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மீன்காரர் வர வழியில்லை. வாடைக்காலம் என்றாலே எங்கள் பக்கத்துக் கடைகளில் சோயாமீட்டும் டின் மீனும் பருப்பும் கூடுதலாக அடுக்கி வைத்திருப்பார்கள், அந்த வருசம் அதுதான் எங்கள் கறி.

நிறையப் பேர் சோயாமீட் மணக்குது என்று ஒதுக்குகிறார்கள். அது எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது, அவரை வாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அம்மா கொதிதண்ணியில் மஞ்சளும் உப்பும் போட்டு ஊறவைத்து, பிழிந்து, திரும்பவும் பச்சைத்தண்ணியில் அலசிப் பிழிவார். சோயாமீட் பஞ்சு மாதிரி, பிழியாமல் குழம்புக்குள் போட்டால் வெறும் தண்ணியைத்தான் குடித்துக்கொண்டு கிடக்கும், குழம்பு உள்ளே போக இடமே இருக்காது. பிழிந்ததைப் புளித்த எருமைத் தயிரில் கொச்சிக்காய்த்தூள், மிளகுதூள், கொஞ்சம் பெருஞ்சீரகத்தூள் போட்டு அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தாச்சியில் எண்ணெய் விட்டுச் சிவக்கப் பொரித்து எடுப்பார். அதற்குப் பிறகுதான் குழம்பு. எங்கள் ஊரில் தயிர்ச்சட்டிக்குப் பஞ்சமில்லை, அடியில் மிஞ்சிப் புளித்ததைக் கொட்டாமல் இதற்கு வைப்போம். பக்கெட்டோடு வருகிற மசாலாத் தூளை அம்மா தொடவே மாட்டார், நானும் தொடுவதில்லை.

குழம்பு வைக்க நேரமில்லாவிட்டால் பொரித்ததை அப்படியே வெங்காயத்தோடு பிரட்டி முருங்கையிலை ஒரு பிடி போட்டு இறக்கினாலும் சோற்றுக்கு நல்லது.

நிந்தவூர் ராத்தா:

டின் மீனுக்கு நான் வருகிறேன். பெரிய டின் 425 கிராம், நாலு பேருக்கு ஒரு நேரக் கறி. அந்த மீன் டின்னுக்குள்ளேயே முழுதாக வெந்தது, முள்ளும் மெத்தென்றுதான் இருக்கும், அதை எடுத்து எறிய வேண்டாம், பிள்ளைகளுக்குக் கல்சியம். வெந்த மீனைத் திரும்பவும் கொதிக்கக் கொதிக்க வைத்தால் சிதறிக் கூழாகி வாடையும் கூடும். ஆகவே ஆணத்தை, அதாவது குழம்பை, முதலில் முழுதாக ஆக்கி முடித்து, மீனை ஆகக் கடைசியில் இறக்கி வைக்க வேண்டும். நாலைந்து நிமிசம் போதும்.

எங்கள் உம்மா செய்வது பாலாணம். டின் தண்ணியை வடித்துவிட்டு மீனில் தேசிக்காய் பிழிந்து கொஞ்ச நேரம் வைப்பார், வாடை அதிலேயே அடங்கிவிடும், மீன் வாடைக்கும் புளிக்கும் ஆகாது. வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், வெந்தயம், கறிவேப்பிலை, இரம்பை, மஞ்சள் எல்லாம் ரெண்டாம் பாலில் அவிந்து வர முதற்பாலை விட்டு, ஒரு கொதி வரும்போது மீன். இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி. இடியப்பத்துக்கும் பாணுக்கும் இதுக்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது நிவாரணமாக வந்தது மாவும் பருப்பும் டின் மீனும்தான். ஒவ்வொரு நாளும் அதே சாப்பாடு, பிள்ளைகள் பீங்கானைத் தள்ளி வைத்துவிடுவார்கள். உள்ளூர்ப் பக்கம் இருந்து ஒரு தமிழ் அம்மா, யாரென்று பெயர்கூட அப்போது கேட்கத் தோன்றவில்லை, ஒரு உரப்பையில் தேசிக்காயும் முருங்கையிலையும் கறிவேப்பிலைக் கொத்துகளும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பருப்பிலும் டின் மீனிலும் அதுகளைப் போட்டுத்தான் ஆக்கினோம். பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்த அம்மாவை இன்றைக்கும் நினைக்கிறேன், அல்லாஹ் அவருக்கு நல்லதைக் கொடுக்கட்டும்.

ஏறாவூரான்:

எல்லாம் சரி, ஆனால் தேங்காய் விற்கிற விலைக்குப் பாலாணம் வைத்தால் அது மலிவுச் சாப்பாடா? எனக்கு நேரடியாகக் கேட்கத் தோன்றியது, கோவிக்க வேண்டாம்.

நான் செய்வது பாண் மட்டும். பின்னேரம் ஓட்டோவில் வருகிற பாண் அடுத்த நாள் காலையில் காய்ந்து போயிருக்கும். அதை ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள், இன்னும் சீக்கிரம் விறைத்துவிடும். லேசாகத் தண்ணி தெளித்துச் சூடான கல்லில் ரெண்டு பக்கமும் போட்டால் திரும்ப மெதுவாகும். கட்டச்சம்பல் பூசி, தேசிக்காய் கொஞ்சம் கூடுதலாக விட்டதாக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு முட்டையை ஊற்றி அதன்மேல் பாணைக் கவிழ்த்து எடுத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது.

கல்லடிப் புள்ள:

ஏறாவூரான் கேட்டது நியாயமான கேள்விதான், இதில் கோவிக்க ஒன்றுமில்லை. நான் ஒரு நூடில்ஸ் பக்கெட்டுக்கு அரை மூடியில் பாதியைத்தான் துருவுகிறேன். அதுவும் இல்லாத நாளில் தேங்காய்ப்பால் மா ரெண்டு கரண்டி. அதை வெதுவெதுப்பான தண்ணியில் கரைத்துவிட்டு விடுங்கள், நேரே கொதிக்கிறதற்குள் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். பால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் தாளிதத்தையும் தேசிக்காயையும் மட்டும் விடாதீர்கள். கறிவேப்பிலையும் இரம்பையும் முருங்கையும் நம் பக்கத்தில் பக்கத்து வளவில் கேட்டாலே தருவார்கள், வாடகை வீட்டுக்காரர் ஒரு பழைய வாளியில் இரம்பை நட்டு வைக்கலாம், என் வாசலில் அப்படித்தான் நிற்கிறது.

ராத்தா சொன்னதுபோல மீனை முதலிலேயே தேசிக்காயில் போட்டு வைப்பதை நான் செய்ததில்லை, பழப்புளிதான் குழம்பில் விடுவேன். இந்த முறை ராத்தாவின் முறையில் பாலாணம் வைக்கிறேன்.

கொக்கட்டிச்சோலைக்காரரிடம் ஒரு கேள்வி. சோயாமீட்டைத் தயிரில் ஊறவைத்துப் பொரிக்கும்போது தயிர் அடியில் பிடிக்காதா? தயிரை வழித்துவிட்டுப் பொரிப்பீர்களா, அப்படியே போடுவீர்களா?

கொக்கட்டிச்சோலைக்காரன்:

கட்டித் தயிர் என்றால் அப்படியே போடுங்கள், துண்டில் ஒட்டிப் பொரிந்து அதுவே மொறுமொறுப்பாகும். தண்ணித் தயிர் என்றால் வழித்துவிட்டுப் போட்டு, மிஞ்சினதைக் கடைசியில் குழம்பில் விடுங்கள். நெருப்பு நடுத்தரமாக இருக்கட்டும். போட்டவுடன் கிண்டாதீர்கள், ஒரு பக்கம் சிவந்து தானாகக் கழன்று வரும், அப்போது புரட்டினால் அடிபிடிக்காது.