ரீடிங் லெவல் குறைவு என்று பள்ளியில் சொன்னால்

ஆங்கிலம் பேசும் நாட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் பள்ளியிலிருந்து 'உங்கள் குழந்தை வாசிப்பில் பின்தங்கியிருக்கிறது' என்று ஒரு தாள் வந்துவிடும். உடனே டியூஷன் தேட ஓடாதீர்கள். எதை வைத்து அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். வாசிப்பு என்ற ஒரே பெயரில் வேறு வேறு சமாச்சாரங்களை அளக்கிறார்கள்.

இங்கிலாந்தை எடுத்துக்கொண்டால், ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் படிக்கும் இயர் ஒன் வகுப்பு முடியும் நேரத்தில், ஜூனில், ஃபோனிக்ஸ் (எழுத்தை ஒலியாக்கி வாசிக்கும் முறை) சோதனை வைக்கிறார்கள், 2012இலிருந்து நடக்கிறது. மொத்தம் 40 சொல். அதில் 20 அர்த்தமே இல்லாதவை, பக்கத்தில் ஏதோ ஒரு விசித்திரப் பிராணியின் படம் வேறு இருக்கும். எழுத்தைப் பார்த்து ஒலியைக் கூட்ட வருகிறதா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. வேடிக்கை என்னவென்றால், நன்றாக வாசிக்கிற குழந்தையே சில நேரம் இதில் வழுக்கும்: 'ஸ்ட்ரோம்' என்று இருப்பதை 'ஸ்டார்ம்' என்று தானே திருத்தி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்.

இன்னொன்று ரன்னிங் ரெக்கார்ட், நியூசிலாந்தின் மேரி கிளே கொண்டுவந்த முறை. குழந்தை வாசிக்க வாசிக்க ஆசிரியர் பிழைகளைக் குறித்துக்கொள்வார். நூற்றுக்கு 95 சொல்லோ அதற்கு மேலோ சரியென்றால் அந்தப் புத்தகம் எளிது, 90க்குக் கீழே போனால் கடினம். என் மகன் 'போனி' (குட்டைக் குதிரை) என்று அச்சாகியிருந்த இடத்தில் படத்தைப் பார்த்து 'ஹார்ஸ்' என்றான். பிழைதான், ஆனால் 'பொருள் புரிந்து ஊகிக்கிறான், நல்லது' என்று ஆசிரியை பாராட்டினார். படமில்லாத புத்தகம் கைக்கு வந்ததும் திண்டாடிப்போனான். ஊகிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறையில் எனக்கு நம்பிக்கை போனது அன்றைக்குத்தான்.

அதற்காக ஒலி கூட்டத் தெரிந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் சொன்ன கணக்கு இது: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழி புரியும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமென்றால் எல்லாம் பூஜ்யம். புதிதாக வந்த நம் பிள்ளைகள் பலர் கடகடவென்று வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்றால் விழிப்பது இதனால்தான்.

அப்புறம் வீட்டில் நாம் செய்கிற குழப்பம். நாம் 'சி ஏ டி கேட்' என்று மனப்பாடம் செய்தவர்கள். பள்ளியில் எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதுவும் 'கு' என்று உகரம் ஒட்டாமல். நமக்கு இது கஷ்டமே இல்லை, புள்ளி வைத்த 'க்' என்று நினைத்துக்கொண்டால் சரி.

தாள் வந்த அன்றைக்கே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பள்ளியில் கொடுத்த ஒரு ஆங்கிலக் கதையைக் குழந்தையை வாசிக்கவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் திணறினால் அதே கதையை நீங்கள் தமிழில் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். இப்போது தெளிவாகச் சொன்னால் புரியும் திறனில் குறையில்லை, ஆங்கிலச் சொற்கள்தான் இன்னும் சேரவில்லை. இதை ஆசிரியரிடம் அப்படியே சொல்லுங்கள், அந்தத் தாளில் இதற்கென்று கட்டம் இருக்காது.